செய்த பணி (ஒரு வரிக்குள்)

அட்டையில் தன்னார்வலர் என்று போட்டிருந்தது,
அச்சில், பெரிதாக.
கீழே பேனாவால்: தெ. சுகுணாவதி.

எல்லை தாண்டித் தடா பக்கத்துக் கம்பெனியில்
நாலு வருஷம்
செல்போன்களுக்கு முதுகு ஒட்டிக்கொண்டிருந்தேன்.
ஒரு திங்கட்கிழமை கம்பெனி பஸ் வரவில்லை.
பென்னாலூர்பேட்டை முக்கில் நாங்கள் பதினோரு பேர்
டிபன் டப்பாவோடு ஏழரை வரை நின்றோம்.
புளிசாதம், கெடாது என்றாள் ஒருத்தி.
அது கெடவில்லை.

பிறகு இந்தத் திட்டம்.
வேலையில்லாதவர்கள் சும்மா இருக்கக் கூடாதாம்.
சும்மா வேலை செய்யலாமாம்.
அதற்கு அரசாங்கம் நாளுக்கு நூற்றிருபது தரும்:
சாப்பாட்டுக்கு எண்பது,
பஸ்ஸுக்கு நாற்பது, சீட்டை ஒட்டிக் காட்டினால்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை.
கண்டக்டர் கிழித்துத் தருகிற சீட்டில்
ரூபாய் என்ற இடத்தில் பூஜ்யம்.
மாதக் கடைசியில் நாற்பத்து நாலு பூஜ்யங்களை
பசை தடவி வரிசையாக ஒட்டிக் கொடுத்தேன்.
தாலுகா ஆபீஸ் கிளார்க் பெருமூச்சு விட்டு
கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்தார்.

விண்ணப்பத்தில் நாலாவது கேள்வி:
முழு விருப்பத்துடன் வருகிறீர்களா?
ஆம் என்பதற்கு ஒரு கட்டம்.
இல்லை என்பதற்குக் கட்டமே இல்லை.
கூடுதல் தகுதி என்ற இடத்தை விட்டுவிட்டேன்.
அம்மாவோடு சண்டை போடுகிற பாஷையை
யாராவது தகுதி என்று எழுதுவார்களா.

ஊத்துக்கோட்டை அரசு ஆஸ்பத்திரி, ஓ.பி. வரிசை.
முதல் மாதம் முழுக்க
கழிப்பறை எந்தப் பக்கம் என்று கை காட்டினேன்.
இரண்டு பாஷையிலும்.

ஒரு வியாழக்கிழமை செங்கையா வந்தார்.
நாகலாபுரம் பக்கம், லாரி லோடு ஆள், வயது நாற்பத்து மூன்று.
மண்ட, மண்ட என்றார் நர்ஸிடம்.
நர்ஸ் பாபநாசத்துக்காரர், வந்து எட்டு நாள்.
தலைவலி என்று எழுதி
மாத்திரைக்கு வரிசை காட்டினார்.
நான் செங்கையாவின் கையைப் பார்த்தேன்.
அது தலையில் இல்லை.

சிஸ்டர், தெலுங்கில் மண்ட என்றால் எரிச்சல்.
மண்டை இல்லை. நெஞ்சு.

பேனா நின்றது.
தலை என்ற சொல்லின் மேல் ஒரு கோடு விழுந்தது.
ஈ.சி.ஜி. தாள் நீண்டு நீண்டு வந்தது.
டாக்டர் ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.
நூற்றெட்டு திருவள்ளூருக்குப் போயிற்று.

அந்த மாத அறிக்கையில் இரண்டு இடம் நிரப்ப வேண்டும்.
செலவிட்ட நேரம், மணிக்கணக்கில்:
அரை நிமிஷத்தை மணியில் எப்படி எழுதுவது?
செய்த பணி, ஒரு வரிக்குள்:
ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொன்னேன் என்று எழுதினேன்.
மேலே போன அறிக்கையில் அது
விழிப்புணர்வு முகாம், பயனாளிகள் ஒன்று
என்று ஆகியிருந்தது.

செங்கையா என்ன ஆனார், தெரியாது.
திருவள்ளூர் போனவர்கள்
நமக்கு வந்து சொல்லிவிட்டா போகிறார்கள்.
பெஞ்சுக்கு அடியில் அவர் செருப்பு பத்து நாள் கிடந்தது.
வாட்ச்மேன் போட்டுப் பார்த்தார்.
பெரிதாக இருந்ததால் வைத்துவிட்டார்.

நிதி விடுவிக்கப்படவில்லை என்றார்கள் மாசியில்.
பங்குனியிலும் அதையே சொன்னார்கள்.
பூஜ்யங்களை மட்டும் விடாமல் ஒட்டினேன்.

வெயில் ஏறியபோது கம்பெனி மறுபடி ஆள் எடுத்தது.
ஏ.சி. அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு இளைஞர்.
ஏழு மாதம் என்ன செய்தாய் என்று தெலுங்கில் கேட்டார்.
அட்டை பைக்குள்தான் இருந்தது.
எடுத்து நீட்டியிருக்கலாம்.
காசு வராததை
எந்த வாயை வைத்துக்கொண்டு வேலை என்பது?

ஊரிகே உன்னானு, என்றேன்.

சும்மா இருந்ததாகக் குறித்துக்கொண்டார்,
இடைவெளி ஏழு மாதம்.
தமிழ்க் காது ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால்
அந்த முதல் சொல்லை
வேறு மாதிரி கேட்டிருக்கும்.
நான் அதைத் திருத்தப் போகவில்லை.